பெயர்ப் பட்டியலில் இருந்தவர்கள்: 'சைக்கோ' சிறப்புக் கேள்வி பதில்

சென்ற இதழில், 1960ஆம் ஆண்டு வெளிவந்த 'சைக்கோ' திரைப்படத்தைப் பற்றி ஒரு வாசகருக்கு இரண்டு வரியில் பதில் சொல்லியிருந்தேன். அந்த இரண்டு வரி போதாது என்று கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஏறக்குறைய எல்லாக் கடிதங்களும் இயக்குநர் ஆல்ஃப்ரெட் ஹிட்ச்காக்கில் தொடங்கி, அவரோடு வேலை செய்தவர்களைப் பற்றிய கேள்வியில் முடிகின்றன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அந்தக் குழுவினருக்கே ஒதுக்கியிருக்கிறேன். படத்தின் முடிவும் இங்கே பேசப்படுவதால், இன்னும் பார்க்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி (செந்தூலிலிருந்து ஓர் இளைஞர்): ஐயா, நான் தொலைக்காட்சி நாடகம் எடுக்கும் குழுவொன்றில் வேலை செய்கிறேன். எங்களுக்குப் பணமும் குறைவு, நாளும் குறைவு. 'சைக்கோ'வும் சின்னச் செலவில் எடுத்த படம் என்கிறார்களே, உண்மையா? வண்ணப் படங்கள் வந்துவிட்ட காலத்தில் அதை ஏன் கறுப்பு வெள்ளையில் எடுத்தார்கள்?

பதில்: உண்மைதான் தம்பி. அதற்கு முந்தைய ஆண்டு ஹிட்ச்காக் எடுத்த 'நார்த் பை நார்த்வெஸ்ட்' பல மில்லியன் டாலரை விழுங்கிய வண்ணப்படம். 'சைக்கோ'வின் செலவோ 8 லட்சம் அமெரிக்க டாலரைச் சற்றே தாண்டியது. கதை பாரமவுண்ட் நிறுவனத்தாருக்குப் பிடிக்கவில்லை. எனவே ஹிட்ச்காக் தமது ஷாம்லி புரொடக்‌ஷன்ஸ் மூலம் தாமே பணம் போட்டார். இயக்குநருக்குரிய ஊதியத்தை உடனே வாங்கிக்கொள்ளாமல், படத்தின் உரிமையில் 60 விழுக்காட்டைக் கேட்டுப் பெற்றார். பாரமவுண்ட் படத்தை வெளியிட்டதே தவிர, படப்பிடிப்பு நடந்தது யுனிவர்சல் வளாகத்தில்.

அந்த வளாகத்தில் அப்போது அவருடைய பெயரிலேயே ஒரு தொலைக்காட்சித் தொடர் தயாராகிக்கொண்டிருந்தது. தம்முடைய வழக்கமான ஒளிப்பதிவாளரான ராபர்ட் பர்க்ஸை விட்டுவிட்டு, அந்தத் தொடருக்கு ஒளிப்பதிவு செய்துவந்த ஜான் எல். ரஸ்ஸலை அழைத்துக்கொண்டார். உதவி இயக்குநர் ஹில்டன் கிரீனும் அதே தொடரிலிருந்து வந்தவர். காலையில் ஒளியமைத்து மாலைக்குள் பக்கம் பக்கமாகக் காட்சிகளை முடித்துப் பழகியவர்கள் இவர்கள். ரஸ்ஸல் சாதாரணமானவர் என்று எண்ணிவிட வேண்டாம். ஆர்சன் வெல்ஸ் ஏறக்குறைய மூன்றே வாரங்களில் எடுத்து முடித்து 1948இல் வெளியிட்ட 'மேக்பெத்'துக்கும் அவர்தான் ஒளிப்பதிவாளர்.

உங்கள் குழு கவனிக்க வேண்டிய செய்தி இனிமேல்தான் வருகிறது. ஹிட்ச்காக் எல்லாத் துறையிலும் ஒரே அளவாகச் செலவைக் குறைக்கவில்லை. படம்பிடிக்கும் வேலைக்குத் தொலைக்காட்சி ஆட்களை வைத்துக்கொண்டவர், படத்தொகுப்புக்கு ஜார்ஜ் டொமாசினி, இசைக்கு பெர்னார்ட் ஹெர்மன், தலைப்பு வடிவமைப்புக்கு சால் பாஸ் என்று தம்முடைய பெரிய படங்களில் வேலை செய்தவர்களையே வைத்துக்கொண்டார். படப்பிடிப்பில் மிச்சம் பிடித்து, படப்பிடிப்புக்குப் பிந்தைய வேலையில் தாராளமாக இருந்தார். நம் ஊரில் பெரும்பாலும் இது தலைகீழாக நடக்கிறது. கையிலிருக்கும் பணமெல்லாம் படப்பிடிப்பிலேயே கரைந்துபோய், ஒலியையும் தொகுப்பையும் கடைசி வாரத்தில் அவசர அவசரமாக ஒப்பேற்றிவிடுகிறோம்.

கறுப்பு வெள்ளைக்குச் செலவு ஒரு காரணம். குளியலறைக் கொலைக் காட்சியில் ஓடும் இரத்தம் சிவப்பாகத் தெரிந்தால் தணிக்கையாளர்களும் பார்வையாளர்களும் தாங்கமாட்டார்கள் என்பது இன்னொரு காரணம். இரத்தமாகப் பயன்பட்டது சாக்லேட் பாகு. கறுப்பு வெள்ளையில் அதன் அடர்த்தி இரத்தத்தைவிட இரத்தமாகத் தெரிந்தது.

கேள்வி (பட்டர்வொர்த்திலிருந்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை): மூலக்கதையை எழுதியவருக்குப் பெரும் பணம் கிடைத்திருக்கும் அல்லவா? திரைக்கதை எழுதியவரும் அவர்தானா?

பதில்: இல்லை அம்மா, இரண்டுமே இல்லை. ராபர்ட் பிளாக் எழுதிய நாவல் 1959இல் வெளியானது. விஸ்கான்சின் மாநிலத்தில் 1957இல் பிடிபட்ட எட் கீன் என்ற கொலையாளியின் வழக்கு அவருடைய கற்பனையைத் தூண்டியது. கீனின் ஊருக்கு அருகில்தான் அப்போது பிளாக் குடியிருந்தார். வாங்குபவர் யார் என்று தெரியாதபடி ஒரு முகவர் மூலம் நாவலின் உரிமையைக் கேட்டு, 9,000 டாலருக்கு முடித்துவிட்டார்கள். அதிலும் பதிப்பகத்தாருக்கும் முகவருக்கும் போனது போக மீதிதான் எழுத்தாளருக்கு. படம் கோடிகளை அள்ளியபோது அவருக்கு அதில் பங்கு எதுவும் இல்லை.

திரைக்கதை எழுதியவர் ஜோசப் ஸ்டெஃபானோ. முதலில் ஜேம்ஸ் கேவனா என்பவர் எழுதிய வடிவம் ஹிட்ச்காக்குக்குப் பிடிக்காமல் போனதால், அதிக அனுபவமில்லாத இவரிடம் வேலை வந்தது. நாவல், விடுதிக்காரன் நார்மன் பேட்ஸிடம் தொடங்குகிறது. அங்கே அவன் நாற்பது வயதான, உடல் பருத்த குடிகாரன். ஸ்டெஃபானோ கதையை மேரியன் கிரேனிடம் தொடங்கினார். காதலனை மணந்துகொள்ளப் பணமில்லாமல், வேலை செய்யும் இடத்தில் 40,000 டாலரை எடுத்துக்கொண்டு காரில் ஓடும் பெண்ணோடு நம்மை அரை மணி நேரத்துக்கும் மேலாக ஒன்றவைத்து, அதன் பிறகு அவளைப் பறித்துக்கொள்கிறது திரைக்கதை. என் கணிப்பில், அந்தப் படத்தின் மிகத் துணிச்சலான வேலை இதுதான். நாவலில் சிறிய பாத்திரமாக வந்துபோகும் ஒருத்தியை முழு நாயகியாக வளர்த்த பெருமை ஸ்டெஃபானோவையே சேரும். அக்காலத்தில் அவர் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சைக்குப் போய்க்கொண்டிருந்தார் என்பதும், தாய்க்கும் மகனுக்கும் இடையிலுள்ள பிணைப்பை எழுத அது உதவியிருக்கும் என்பதும் கருதத்தக்கவை.

கேள்வி (பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து ஒரு வாசகர்): படம் தொடங்கிய பிறகு வந்தவர்களை அரங்கில் விடவில்லையாமே?

பதில்: விடவில்லை. அது ஹிட்ச்காக்கின் கட்டளை. மேரியனாக நடித்த ஜேனட் லீயின் பெயரைப் பார்த்துவிட்டுத் தாமதமாக வருபவர்கள், அவர் எப்போது வருவார் என்று கடைசிவரை காத்திருப்பார்களே! நாயகன் அறிமுகமாகும் நேரத்தைக் கணக்குப் போட்டு அரங்குக்குள் நுழையும் நம் மக்களிடம் இந்தக் கட்டளை எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பது வேறு விஷயம்.

கேள்வி (பினாங்கு, ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு வாசகர்): குளியலறைக் கொலைக் காட்சியை உண்மையில் இயக்கியவர் சால் பாஸ் என்று ஒரு நண்பர் அடித்துச் சொல்கிறார். இது பந்தயம்வரை போய்விட்டது. தீர்ப்புச் சொல்லுங்கள்.

பதில்: பந்தயத்தில் உங்கள் நண்பர் தோற்கிறார். ஆனால் முழுவதுமாகத் தோற்கவில்லை.

சால் பாஸுக்குப் படத்தின் பெயர்ப் பட்டியலில் தலைப்பு வடிவமைப்பாளர் என்பதோடு, காட்சி வடிவ ஆலோசகர் என்ற தகுதியும் தரப்பட்டுள்ளது. குளியலறைக் காட்சியைக் கோணம் கோணமாக வரைந்து கொடுத்தவர் அவர்தான். பிற்காலத்தில் அவர், படப்பிடிப்பையும் தாமே நடத்தியதாகக் கூறினார். உதவி இயக்குநர் ஹில்டன் கிரீன் அதை உறுதியாக மறுத்தார். 1959 டிசம்பரில் ஒரு வாரம் அந்தத் தண்ணீருக்கடியில் நின்ற ஜேனட் லீயும், ஒவ்வொரு கோணத்துக்கும் ஹிட்ச்காக்கே இருந்து எடுத்தார் என்று சாட்சி சொன்னார். நனைந்தவருடைய சாட்சியத்தை நான் நம்புகிறேன்.

வரைபடத்துக்கும் இயக்கத்துக்கும் உள்ள தூரத்தைக் காட்ட அதே படத்திலேயே இன்னொரு சான்று இருக்கிறது. துப்பறிவாளர் ஆர்போகாஸ்ட் பேட்ஸ் வீட்டு மாடிப்படியில் ஏறும் காட்சி எடுக்கவேண்டிய நாளில் ஹிட்ச்காக் காய்ச்சலில் படுத்துவிட்டார். பாஸ் வரைந்து வைத்திருந்த படங்களின்படி அந்தப் பகுதியை எடுத்துவிடும்படி குழுவிடம் சொல்லியனுப்பினார். கைப்பிடிக் கம்பியில் நகரும் கை, படியேறும் பாதங்கள் என்று துண்டு துண்டாக எடுத்தார்கள். திரும்பி வந்து பார்த்த ஹிட்ச்காக் அதை ஒதுக்கிவிட்டார். தனித்தனியாகப் பார்த்தால் அழகான காட்சிகள்தான். ஆயினும் அவற்றைக் கோத்துப் பார்க்கும்போது, ஏதுமறியாமல் சாவை நோக்கி ஏறும் மனிதனாகத் தெரியவேண்டியவர் கெட்ட எண்ணத்தோடு ஏறுபவராகத் தெரிந்தார் என்று பிரெஞ்சு இயக்குநர் துரூஃபோவிடம் பின்னர் விளக்கினார். ஆர்போகாஸ்டாக நடித்த மார்ட்டின் பால்சம் எளிமையாக, தொப்பியைக் கையில் பிடித்தபடி ஏறிவரும் காட்சியே இப்போது படத்தில் இருக்கிறது.

உங்கள் பந்தயத்தில் இருவருமே மறந்துபோன ஒருவரை நான் சேர்த்துக்கொள்கிறேன். சுமார் மூன்று நிமிடம் ஓடும் அந்தக் காட்சியில் 78 கேமரா நிலைகளும் 52 வெட்டுகளும் இருப்பதாக எண்ணிச் சொல்கிறார்கள். அந்த எண்களையே தலைப்பாக வைத்து 2017இல் ஓர் ஆவணப்படமும் வந்தது. கத்தி உடலில் இறங்குவதைக் கண்டதாகப் பார்வையாளர் சத்தியம் செய்யும் அளவுக்கு அந்தத் துண்டுகளை ஒட்டியவர் டொமாசினி. கத்தி குத்தும் ஓசைக்கு ஒலிப்பதிவாளர்கள் முலாம்பழ வகைகளைக் குத்திப் பார்த்தே தேர்ந்தெடுத்தார்கள். கண்ணும் காதும் சேர்ந்து ஏமாறிய இடம் அது.

கேள்வி (செராஸிலிருந்து ஒரு வாசகி): குளியலறைத் திரைச்சீலைக்குப் பின்னால் நிழலாகத் தெரியும் 'அம்மா' அந்தோணி பெர்கின்ஸ்தானா? அந்தக் குரல் யாருடையது?

பதில்: அந்தக் காட்சி எடுக்கப்பட்ட நாட்களில், நார்மனாக நடித்த பெர்கின்ஸ் நியூயார்க்கில் ஓர் இசை நாடகத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நிழலாக வந்தவர் மார்கோ எப்பர் என்ற சண்டைக் கலைஞர். ஜேனட் லீக்கு மாற்றாகச் சில கோணங்களில் நின்றவர் மார்லி ரென்ஃப்ரோ என்ற விளம்பர அழகி. ஆக, படத்தின் இரண்டு முக்கிய நடிகர்களுக்கும் இடையில் நடந்ததாக நாம் நம்பும் அந்தக் கொலையில் ஒருவர் ஊரிலேயே இல்லை.

தாயின் குரலுக்கு மூவர் பேசினார்கள்: வர்ஜீனியா கிரெக், ஜீனெட் நோலன், பால் ஜாஸ்மின். கடைசிப் பெயர் ஓர் ஆணுடையது. மூவரின் குரல்களையும் இடத்துக்கு இடம் மாற்றிக் கலந்ததால், அது ஆணா பெண்ணா, முதியவரா இளையவரா என்று காது தடுமாறுகிறது. மூவருடைய பெயரும் திரையில் வரவில்லை. பெயர் போட்டால், தாயாக வருபவன் நார்மனே என்ற இரகசியம் உடைந்துவிடும் என்பதால் இதை மன்னிக்கலாம். படத்தில் மாவட்டக் காவல் அதிகாரியாக வரும் ஜான் மெக்கின்டையரின் மனைவிதான் ஜீனெட் நோலன். படப்பிடிப்புத் தளத்தில் 'திருமதி பேட்ஸ்' என்று எழுதிய ஒரு நாற்காலியை ஹிட்ச்காக் போட்டுவைத்ததும் இதே இரகசியத்தைக் காக்கத்தான்.

கேள்வி (கெப்போங்கிலிருந்து ஒரு மாணவி): ஐயா, நான் வயலின் கற்கிறேன். குளியலறைக் காட்சியில் கேட்பது பறவைகளின் அலறல் என்று எங்கள் வகுப்பில் பலர் நினைக்கிறார்கள். அது வயலின்தானா? படம் முழுவதும் வேறு வாத்தியமே இல்லை என்பதும் உண்மையா?

பதில்: இரண்டுமே உண்மை. வயலின், வயோலா, செல்லோ, டபுள் பேஸ் ஆகிய தந்தி வாத்தியங்களைத் தவிர வேறெதையும் ஹெர்மன் பயன்படுத்தவில்லை. முரசும் ஊதுகுழலும் இல்லாமல் ஒரு திகில் படத்துக்கு இசையமைப்பதை அக்காலத்தில் யாரும் எதிர்பார்த்திருக்கமாட்டார்கள். படம் கறுப்பு வெள்ளையில் இருப்பதால் இசையும் கறுப்பு வெள்ளையாக, ஒரே நிறமாக இருக்கவேண்டும் என்று நினைத்ததாக அவரே காரணம் சொல்லியிருக்கிறார்.

வயலின் பயிலும் உங்களுக்கு இன்னொரு நுணுக்கமும் உதவும். படத்தின் மற்ற இடங்களிலெல்லாம் தந்திகளின் பாலத்தில் 'மியூட்' பொருத்தி, ஒலியை மங்கவைத்து வாசிக்கச் செய்தார் ஹெர்மன். குளியலறையில் மட்டும் அதை எடுத்துவிட்டார். முக்கால் மணி நேரம் மூடிய ஒலியிலேயே பழகிப்போன நம் காது, அந்த இடத்தில் மூடாத ஒலியை எதிர்பாராமல் கேட்கிறது. மிக உயர்ந்த சுரத்தில், வில்லை அழுத்தி, மேல்நோக்கி வழுக்கியபடி ஒரே இழுப்பாக இழுத்துத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள். அதைத்தான் உங்கள் வகுப்பில் பறவை என்று நினைக்கிறார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம், தண்ணீரின் ஓசையும் அலறலும் போதும் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொல்லியிருந்தார். ஹெர்மன் சொன்னதைக் கேட்காமல் எழுதிவைத்து, போட்டுக் காட்டினார். கேட்டதும் இயக்குநர் தம் முடிவை மாற்றிக்கொண்டு, இசையமைப்பாளரின் ஊதியத்தையும் கணிசமாக உயர்த்தினார். முதல் தொகுப்பைப் பார்த்துச் சோர்ந்துபோய், வெட்டித் தொலைக்காட்சியில் போட்டுவிடலாமா என்றுகூட அவர் யோசித்ததாக ஹெர்மன் நினைவுகூர்ந்திருக்கிறார். மேரியன் மழையில் கார் ஓட்டிப் போகும் நீண்ட பகுதியை ஒருமுறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். ஒரு பெண் கார் ஓட்டுகிறாள், அவ்வளவுதான். அதில் பதற்றத்தை ஊற்றியது ஹெர்மனின் வில்தான். இந்த இணை பிறகு 'டோர்ன் கர்ட்டன்' படத்தின்போது சண்டையிட்டுப் பிரிந்தது ஹிட்ச்காக்குக்கே பெரிய இழப்பு என்பது என் கருத்து.

கேள்வி (ஜார்ஜ்டவுனிலிருந்து ஒரு வாசகர்): அந்தக் குன்றின் மேலுள்ள வீடு உண்மையான வீடா?

பதில்: பழைய மாளிகைகளுக்கு நடுவில் வாழ்பவரிடமிருந்து வரவேண்டிய கேள்விதான். அது கலை இயக்குநர்கள் ஜோசப் ஹர்லியும் ராபர்ட் கிளாட்வொர்த்தியும் யுனிவர்சல் வளாகத்தில் எழுப்பிய அமைப்பு. எட்வர்ட் ஹாப்பர் 1925இல் தீட்டிய, இரயில் பாதையோரம் தனித்து நிற்கும் வீட்டின் ஓவியம் அதற்கு முன்மாதிரி என்பர். நெடுக்காக நிமிர்ந்த வீட்டின் காலடியில் கிடையாகப் படுத்திருக்கும் விடுதி என்ற அமைப்பு ஹிட்ச்காக்குக்கு மிகப் பிடித்திருந்தது. வளாகத்தைச் சுற்றிப் பார்க்கப் போகிறவர்களுக்கு அந்த வீட்டை இன்றும் காட்டுகிறார்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்கிலிருந்து ஒரு வாசகர்): நார்மனாக நடித்த பெர்கின்ஸுக்கு அதன்பின் நல்ல வேடமே கிடைக்கவில்லை என்பது சரியா?

பதில்: பாதி சரி. அவர் 'சைக்கோ'வுக்கு முன்பே 'ஃப்ரெண்ட்லி பெர்சுவேஷன்' படத்துக்காக ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டவர். 1961இல் கான் விழாவில் சிறந்த நடிகர் விருதும் பெற்றார். ஆயினும் அமெரிக்க மக்கள் அவரை நார்மனாகவே பார்த்தார்கள். ஒருகட்டத்தில் அவரும் அதை ஏற்றுக்கொண்டு, 1983இல் இரண்டாம் பாகத்தில் நடித்தார். 1986இல் மூன்றாம் பாகத்தைத் தாமே இயக்கினார். 1990இல் ஸ்டெஃபானோ எழுதிய நான்காவது பாகம் தொலைக்காட்சிக்காக வந்தது. 1992இல் பெர்கின்ஸ் காலமானார்.

நாவலின் தடித்த குடிகாரனுக்குப் பதிலாக, கூச்சமும் இனிமையும் நிறைந்த ஓர் இளைஞனைப் போட்டதுதான் படத்தின் மிகச் சிறந்த நடிகர் தேர்வு. விடாமல் மிட்டாய் கொறித்துக்கொண்டே இருக்கும் பழக்கம் பெர்கின்ஸே சொல்லிச் சேர்த்தது. அவருடைய ஊதியம் 40,000 டாலர் என்பதை, மேரியன் திருடிய தொகையோடு ஒப்பிட்டுச் சிரித்துக்கொள்ளலாம்.

கேள்வி (அம்பாங்கிலிருந்து ஒரு வாசகி): மேரியனின் தங்கையாக வரும் வேரா மைல்ஸின் தலைமுடி செயற்கையாகத் தெரிகிறதே?

பதில்: கூர்மையான கண் உங்களுக்கு. வேறொரு படத்துக்காகத் தலையை மழித்திருந்ததால் பொய்முடி அணிந்து நடித்தார்.

கேள்வி (பங்சாரிலிருந்து ஒரு வாசகர்): எத்தனை ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன?

பதில்: ஒன்றுமில்லை. இயக்கம், துணை நடிகை, கறுப்பு வெள்ளை ஒளிப்பதிவு, கறுப்பு வெள்ளைக் கலை இயக்கம் என்று நான்கு பரிந்துரைகள் வந்தன. தொலைக்காட்சியிலிருந்து வந்த ரஸ்ஸலின் பெயர் அந்தப் பட்டியலில் ஏறியதில் எனக்கு மகிழ்ச்சி. ஜேனட் லீ கோல்டன் குளோப் வென்றார். ஹெர்மனும் டொமாசினியும் பரிந்துரைக்கப்படவே இல்லை என்பதை மட்டும் எத்தனை முறை படித்தாலும் என்னால் ஜீரணிக்க முடிவதில்லை.

கேள்வி (பிறையிலிருந்து ஒரு வாசகர்): பாலு மகேந்திராவின் 'மூடு பனி' இந்தப் படத்தின் நகல் என்று ஒதுக்கிவிடலாமா?

பதில்: ஒதுக்கக்கூடாது. 1980இல் வெளிவந்த அந்தப் படம் 'சைக்கோ'வின் தூண்டுதலையும், ராஜேந்திரகுமாரின் 'இதுவும் ஒரு விடுதலைதான்' நாவலையும் சேர்த்துக் கொண்டு எழுந்தது. தாயின் நினைவு ஒரு மகனைக் கொலைகாரனாக்குகிறது என்ற வேர் இரண்டுக்கும் பொது. அதற்குமேல் பாதைகள் பிரிகின்றன. ஹிட்ச்காக் ஆளுக்கொரு துறையைப் பிரித்துக் கொடுத்து அவற்றை இணைத்தார். பாலு மகேந்திராவோ எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு ஆகியவற்றைத் தம் கையிலேயே வைத்திருந்தார். பிரதாப் போத்தனின் நடிப்பில் பெர்கின்ஸின் கூச்சம் தெரிந்தாலும், அவரிடம் இருக்கும் சோகம் வேறு. இளையராஜாவுக்கு இது நூறாவது படம். 'என் இனிய பொன் நிலாவே' பாடலை நம் வானொலியில் கேட்டு மகிழும் பலருக்கு, அது ஒரு கொலையாளியின் பாடல் என்பது நினைவிலேயே இருப்பதில்லை. நாயகி ஷோபா, படம் திரைக்கு வருவதற்குச் சில மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார்.

கேள்வி (கூலிமிலிருந்து பினாங்குக்குக் குடிவந்த ஒரு வாசகர்): ஹிட்ச்காக்கின் குடும்பத்தார் யாரேனும் இப்படத்தில் பங்குபெற்றார்களா? அவர் தலைகாட்டும் இடம் எது?

பதில்: மேரியனோடு வேலை செய்யும் கரோலைன் என்ற பெண்ணாக வருபவர் அவருடைய மகள் பேட்ரிசியா. மனைவி ஆல்மா ரெவில் நடிக்கவில்லை. ஆனால் தொகுத்து முடித்த படத்தைப் பார்க்கையில், இறந்து கிடக்கும் ஜேனட் லீயிடம் மற்ற எல்லாரும் கவனிக்கத் தவறிய ஒரு சிறு அசைவைக் கண்டுபிடித்து நீக்கவைத்தவர் அவர்தான். ஆல்மா தம் இளமையில் படத்தொகுப்பாளராக இருந்தவர். ஹிட்ச்காக் தலைகாட்டுவது படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே. மேரியன் அலுவலகத்துக்குள் நுழையும்போது, சன்னலுக்கு வெளியே அகன்ற தொப்பியோடு நிற்பவரைப் பாருங்கள். தம்மைத் தேடிக்கொண்டே மக்கள் கதையைத் தவறவிடக்கூடாது என்பதற்காக, பிற்காலப் படங்களில் இப்படித் தொடக்கத்திலேயே வந்துபோய்விடுவது அவர் வழக்கம்.